பந்தே இல்லாத பத்து நிமிடம்

பாஸ்போர்ட் எடுத்து ஒன்பது வருஷமாகியும் அதில் ஒரு முத்திரை விழவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என் மனைவி அதை வெளியே எடுத்து, "இது எதுக்கு, வெத்தல மடிக்கவா?" என்று கேட்பாள். அந்த வாயை அடைக்கத்தான் கடவுள் சாகுல் காக்காவின் இளைய மகளுக்கு மாப்பிள்ளை அமைத்துக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோதான் தொழில். சாகுல் அமீது காக்கா காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாய்க்குத் தெற்கே அல் ஐன் என்ற ஊரில் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறார். அங்கே காஃபிடேரியா என்கிறார்கள். நம்மூர்ப் பரோட்டாக் கடைதான், ஏ.சி. மட்டும் கூடுதல். மூத்த மகள் கல்யாணத்தை ஊரில் வைத்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இளையவள் கல்யாணம் அல் ஐனிலேயே நடக்கப்போகிறது என்று போனில் கூப்பிட்டார்.

"இங்கன உள்ள வீடியோக்காரன் எல்லாம் ட்ரோனைப் பறக்கவுட்டு மண்டபத்துக் கூரையை எடுத்துக்கிட்டு இருக்கான் அண்ணாச்சி. கூரையை வச்சு நான் என்ன செய்ய? எனக்கு மருமவன் மொகம் தெரியணும். நீங்க வாங்க."

காயல்பட்டினத்துக் கல்யாணம் எடுப்பது ஒரு தனி வித்தை. பெண்கள் பக்கம் கேமரா எட்டிப் பார்க்கக் கூடாது. மணப்பெண்ணின் விரல் நுனிகூடப் படத்தில் வராது. அப்படியானால் நாலு மணி நேரம் எதை எடுப்பது? மாப்பிள்ளையைத்தான். அவர் நடந்தால் நாமும் நடக்க வேண்டும். அவர் தும்மினால் அதுவும் பதிவாக வேண்டும். பெண் வீட்டு லாத்தாமார்கள், அதாவது அக்காமார்கள், பிறகு அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் குணத்தை எடை போடுவார்கள். ஒரு நிமிஷம் நான் கேமராவைப் பிரியாணிச் சட்டி பக்கம் திருப்பிவிட்டால், "அந்த நேரம் மாப்புள என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாரு?" என்று கேள்வி வரும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு நான் இடம் வைத்ததில்லை.

துபாய் விமான நிலையத்தில் என் ஸ்டாண்டைப் பிரித்துப் பார்த்தார்கள், லைட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில் காக்கா வீட்டுக்காக நான் சுமந்து வந்த தம்மடைப் பெட்டியைத் திறந்தார்கள். ரவையும் முட்டையும் போட்டுச் செய்யும் காயல்பட்டினத்துப் பலகாரம் அது. அதிகாரி அதை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். "கேக்" என்றேன். பக்கத்திலிருந்தவரிடம் அரபியில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்துக்கொண்டே என்னைப் போகச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

மாப்பிள்ளையின் கோட்டு துபாயிலேயே சத்வா என்ற பகுதியில் ஒரு தையல் கடையில் தயாராக இருக்கிறது, வரும் வழியில் வாங்கி வாருங்கள் என்று காக்கா சொல்லியிருந்தார். தையல்காரர் பாகிஸ்தானி. கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, டேப்பைத் தொடாமலே என் இடுப்பைப் பார்த்து "நாற்பத்திரண்டு" என்றார். நான் கேட்கவே இல்லை.

வெளியே வந்தால் ஒரு வேன் நின்றது. "ஏறுங்கண்ணே, ஏறுங்க, லேட்டாவுது" என்று குரல் வந்தது. தமிழ்! காக்கா அனுப்பிய வண்டிதான், பிறகென்ன யோசனை? கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். உள்ளே எல்லோரும் நம் ஆட்கள். எந்த ஊர், யார் மகன், எத்தனை பிள்ளை என்று பேச்சு போனதில், புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் என் மைத்துனருக்கு ஏதோ வகையில் மச்சான் முறை என்பதுவரை கண்டுபிடித்துவிட்டோம். வழியில் மலை வந்தது. அல் ஐனில் மலை உண்டு என்று காக்கா சொல்லியிருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கடல் வந்தபோதுதான் வந்தது.

"அண்ணே, இது புஜைரா. நாங்க எண்ணெய் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கிற ஆளுங்க. நீங்களும் புதுசா வந்த பெயின்டர்னு நெனச்சோம்."

"கையில கோட்டு வச்சிருக்கேனே, அதப் பாத்துமா?"

"சூப்பர்வைசரா இருக்கும்னு நெனச்சோம்ணே."

அன்று ராத்திரி அவர்கள் கேம்ப்பில்தான் படுக்கை. ரசமும் பொரித்த சூரை மீனும் போட்டார்கள். என் வீட்டில்கூட அப்படி ஒரு ரசம் கிடைத்ததில்லை. இதை மனைவியிடம் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். மறுநாள் அல் ஐன் பக்கம் போகும் லாரிக்காரர் ஒருவரைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காக்கா கடையில் இறங்கினேன். "நேத்து வர வேண்டிய ஆளு! மாப்புளைக்குக் கோட்டு இல்லாம நிக்காஹ் நடத்தவா? கடல் பாக்கணும்னா கல்யாணம் முடிஞ்சு நானே கூட்டிட்டுப் போவேன்லா?" என்று ஒரு மூச்சுக் கத்திவிட்டு, அதே மூச்சில் "சாப்ட்டியளா?" என்றார்.

பரோட்டா மாஸ்டர் முருகேசன் ஆறு பரோட்டாவைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். சிவகங்கைக்காரர். எனக்குத்தான் என்று இலையைப் பார்த்தேன். அது மூலை மேஜைக்குப் போயிற்று. அங்கே ஆறடிக்கு மேல் உயரமாக, வெயிலில் மூக்கு உரிந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். கையாலேயே பிய்த்து, சால்னாவில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிட்டான்.

"இங்கிலீஷ்காரன்னு மட்டும் சொல்லிறாதீங்கண்ணே, கோவிச்சுக்குவாப்ள. அயர்லாந்து" என்றார் முருகேசன். "பேரு லோர்கன். நாங்க லோகன் தம்பின்னு கூப்புடுவோம். பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டர். நம்ம காக்கா பேரன் இவருகிட்டதான் படிக்கிறான்."

வயது இருபத்தைந்துதான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவன் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். என் ஆங்கிலம் கேமரா மெனுவில் படித்தது. அவனுக்கு அதில் கால்வாசி புரிந்திருக்கும். மீதியைக் காக்கா நடுவில் நின்று தள்ளிக் கொடுப்பார். அவன் டீயில் பால் விட்டு, சர்க்கரை போட்டு, ஆற்றிக் குடிப்பதைப் பார்த்ததும் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. டீ சரியில்லாத இடத்தில் வாழ முடியாது என்பது அவன் கட்சி. என் கட்சியும் அதுதான்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ். கோட்டு மாப்பிள்ளைக்கு அச்சாகப் பொருந்தியது. பைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு அவரை அழைத்து வந்தபோது நான் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, இரண்டு நாற்காலியையும் ஒரு பெரியவரையும் இடித்தேன். கேமரா அசையவில்லை. கையெழுத்துப் போடும்போது அவர் நாக்கைக் கடித்ததை எடுத்தேன். பிரியாணியில் எலும்பை ஓரமாக ஒதுக்கியதை எடுத்தேன். யாரோ ஒரு அமைச்சகத்துப் பெரிய மனிதர் வந்து போனாராம்; நான் அவரைப் பார்க்கவில்லை.

விருந்துக்கு வந்திருந்த லோர்கன் இதையெல்லாம் கவனித்திருக்கிறான். பிரியாணித் தட்டோடு என்னிடம் வந்தான்.

"நீங்கள் அவரை விட்டு ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கவில்லை. நாளைக்கு எனக்கு ஒரு உதவி செய்வீர்களா?"

விஷயம் இதுதான். ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்று ஒரு கால்பந்து உண்டு. பெயர்தான் கால்பந்து, கையால் பிடிக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம், பந்தும் உருண்டை இல்லை, வெள்ளரிப்பழம் மாதிரி நீளம். அயர்லாந்துப் பையன்கள் ஊரில் ஆடும் ஆட்டமும் கிட்டத்தட்ட அப்படியே, பந்து மட்டும் உருண்டை. அதனால் ஆஸ்திரேலியாவின் பெரிய கிளப்புகள் அங்கே போய் நல்ல கால் உள்ள பையன்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, சம்பளம் கொடுத்து, நீளப் பந்தைப் பழக்குமாம். லோர்கன் பத்தொன்பது வயதில் அப்படிப் போனவன். இரண்டு வருஷம் வைத்திருந்து, போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போனான், இருக்கப் பிடிக்காமல் டிரில் மாஸ்டராக அல் ஐனுக்கு வந்தான். இப்போது அதே கிளப்பில் ஓர் ஆள் கால் உடைந்து படுத்துவிட்டான். ஓர் இடம் காலி. மூன்று பேரைக் கேட்டிருக்கிறார்கள், அதில் இவன் ஒருவன். இப்போது எப்படி ஆடுகிறாய் என்று பத்து நிமிட வீடியோ அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வர வேண்டும் என்று பழைய கோச் சொல்லியிருக்கிறார்.

காக்கா எனக்கு அதைச் சுருக்கமாகச் சொன்னார். "கேன்சல்ல போன பையன் அண்ணாச்சி. இப்ப அதே கஃபீல் திரும்பக் கூப்புடுறான். அப்படி ஒண்ணு இந்த முப்பது வருஷத்துல நான் ரெண்டு தடவதான் பாத்திருக்கேன்." கஃபீல் என்றால் அங்கே விசா கொடுக்கும் முதலாளி.

சனிக்கிழமை அவனுக்கு அந்த நீளப் பந்து ஆட்டம் ஒன்று இருந்தது. துபாயிலிருந்து ஒரு குழு வருகிறது. வழக்கமாகப் படம் எடுக்கும் நண்பன் லீவில் போய்விட்டான்.

"என்ன எடுக்கணும்?" என்று கேட்டேன். தொழிலில் இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

"என்னை" என்றான். "முழுக்க முழுக்க என்னை."

அவ்வளவுதானே என்றேன்.

மைதானத்தில் புல் இருந்தது. பாலைவனத்தில் புல்லைப் பார்த்தால் அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. தொட்டேன், நிஜப் புல்தான். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்குள் உதைத்தால் ஆறு பாயின்ட். குறி தப்பி ஓரத்துக் கம்பத்துக்குள் போனாலும் ஒரு பாயின்ட் உண்டாம். தப்பாகப் போட்டாலும் மார்க் கொடுக்கிற இந்த ஜனங்களிடம் எங்கள் கணக்கு வாத்தியார் கொஞ்ச நாள் படித்திருக்கலாம். ஆடியவர்கள் எல்லோரும் டீச்சர்கள், எஞ்சினியர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள். எல்லோரும் கையில்லாத பனியன் போட்டு, தோளில் வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு வந்திருந்தார்கள்.

விசில் ஊதியதும் நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே ஓட ஆரம்பித்தேன். லோர்கன் வலப்பக்கம் ஓடினால் நானும் வலப்பக்கம். அவன் குனிந்தால் நானும். அவன் யாரிடமோ கையைக் காட்டிக் கத்தினால் அந்த வாய், அந்தக் கை. நாலு மணி வெயிலில் என் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு தடவை என் காதை ஒட்டி ஏதோ விர்ரென்று போயிற்று. பின்னாலிருந்து பத்துப் பேர் அலறினார்கள். திரும்பிப் பார்க்க நான் என்ன கத்துக்குட்டியா?

லோர்கன் மூன்று கோல் போட்டானாம். ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து வியர்வையோடு என்னைக் கட்டிப்பிடித்தான். "எல்லாம் வந்திருக்கிறதா?" என்றான். "ஒண்ணு விடல தம்பி" என்றேன். நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் லேப்டாப்பைத் திறந்தேன். லோர்கன் ஒரு பக்கம், காக்கா ஒரு பக்கம், மாவுக் கையோடு முருகேசன் பின்னால். படம் ஓடியது. முதல் ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. கண்ணாடி போலத் தெளிவு. அவன் புருவத்தில் நிற்கும் வியர்வையை எண்ணலாம். எல்லோரும் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பந்து எங்கே?" என்றான் லோர்கன்.

"எந்தப் பந்து?"

அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோவில் பந்து அவன் கைக்கு வந்தபோது வந்தது, அவன் காலை விட்டதும் போய்விட்டது. எங்கே போனது என்பதற்கு என்னிடம் தகவல் இல்லை. மூன்று கோலுக்கும் அவன் உதைப்பதும், அதற்குப் பிறகு அவன் முகம் மலர்வதும்தான் இருந்தன.

"கோல்னு மொகத்துலயே தெரியுதே" என்று முணுமுணுத்தேன்.

"ஆமாண்ணே, பந்து உள்ள போன மாதிரிதான் இருக்கு" என்று முருகேசன் எனக்குக் கை கொடுத்தார்.

லோர்கன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கவிழ்ந்தபடியே, ஏன் தன்னை முதல் தடவை அனுப்பினார்கள் என்று சொன்னான். "கோச் என்ன சொன்னார் தெரியுமா? பந்து உன்னிடம் இருந்தால் நீ பெரிய ஆள். பந்து போய்விட்டால் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவன் மாதிரி நின்று வேடிக்கை பார்க்கிறாய் என்றார். பந்து இல்லாத அந்த நேரத்தைத்தான் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள்."

எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி போய் ஓடியும் ஒளிந்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு நாள் சண்டை. இது ஒரு பையனின் பிழைப்பு. அதில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன்.

வேறு யாராவது போனில் எடுத்திருக்கிறார்களா என்று தேடினோம். கூட ஆடும் ஒருவனின் மனைவி நாற்பது விநாடி எடுத்திருந்தாள். அதில் பாதி அவர்கள் நாய். அனுப்பப்போவதில்லை என்று லோர்கன் எழுந்துவிட்டான். காக்கா கல்லாவிலிருந்தே சொன்னார்:

"அனுப்பலன்னா நிச்சயமாக் கெடைக்காது. அனுப்புனா கெடைக்காமப் போவலாம். ரெண்டும் ஒண்ணா தம்பி?"

இதை அவர் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்ன பிறகு அவன் உட்கார்ந்தான்.

பத்து நிமிஷமாக வெட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு சிக்கல் வந்தது. மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்களைத்தான் நான் வழக்கமாக வெட்டுவேன். இவன் சும்மா இருந்த இடமே அகப்படவில்லை. ஓடுகிறான், திரும்பிப் பார்க்கிறான், எவனையோ தள்ளி மறிக்கிறான், விழுந்தவனைத் தூக்குகிறான், மறுபடி ஓடுகிறான். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே திறந்தது போதும்.

ஐந்தரை மணிக்கு முடித்தேன். லோர்கன் கூடவே ஒரு குறிப்பு எழுதினான். "மன்னிக்கவும். எடுத்தவர் கல்யாண வீடியோக்காரர். பந்து எங்கே போயிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்." கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான். போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் சாஃப்ட்வேரில் எந்தப் படம் முடிந்தாலும் கடைசியில் தானாக இரண்டு வெள்ளைப் புறா பறந்து வந்து ஒரு ரோஜாவைப் போட்டுவிட்டுப் போகும். அதை எடுத்துவிட மறந்திருந்தேன். அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை. டியூட்டிக்குப் போகிற ஆட்கள் பூரிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே கம்பெனி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. லோர்கன் பள்ளிக்கூடத்து விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முந்தைய நாள் மிஞ்சிய பரோட்டாவைச் சூடு பண்ணச் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தான். அகலமான முகமும் சிவந்த கழுத்துமாக ஒரு மனிதர் திரையில் வந்தார். கோச். காக்கா என் பக்கம் குனிந்து, அவர் பேசியதைக் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

"முதலில் ஒன்று சொல்லு. அந்தப் புறா எதற்கு?"

லோர்கன் என்னைப் பார்த்தான். நான் பூரியைப் பார்த்தேன்.

"சரி போகட்டும். மற்ற இருவரும் அனுப்பியதில் பந்து போகும் இடமெல்லாம் காட்டியிருக்கிறார்கள். கோலாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். பந்து இல்லாதபோது அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை. உன்னுடையதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பந்து நூறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று உன் கண்ணை வைத்தே தெரிகிறது, அப்போதும் நீ ஓடிக்கொண்டிருக்கிறாய். நாங்கள் இரண்டு வருஷம் தொண்டை கிழியச் சொன்னோமே, நீ கேட்கவில்லை. யார் கற்றுக்கொடுத்தது?"

லோர்கன் கொஞ்சம் யோசித்தான். "யாரும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் எனக்கு இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒருவனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் இன்னொருவன் சுவர் மேல் இருப்பான்."

திரையில் அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் போன் வழுக்கிச் சாம்பாரில் விழப்பார்த்தது. முருகேசன் பிடித்தார்.

பிறகு காரியத்துக்கு வந்தார்கள். நாலு வாரம் கூட வந்து பயிற்சி செய்யலாம். தங்க இடம் உண்டு. ஒப்பந்தம் இல்லை. நாலு வாரம் கழித்துப் பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். வியாழக்கிழமை அங்கே இருக்க வேண்டும். உன் ஊர் மணி ஏழுக்குள் பதில் சொல், அடுத்தவன் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

கைதட்டலாமா என்று நாங்கள் கையைத் தூக்கினோம். ஆனால் லோர்கன் சிரிக்கவில்லை. பரோட்டாவைத் தள்ளி வைத்தான்.

"பிரின்சிபாலிடம் முன்பே கேட்டுவிட்டேன். பாதி வருஷத்தில் போனால் வேலை கலாஸ், அதோடு முடிந்தது. விசாவும் கேன்சல்" என்றான். "இங்கே எனக்கு வேலை இருக்கிறது, அறை இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே நாலு வாரம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் போகலாம். முதல் தடவை நான் ஊருக்குத் திரும்பியபோது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் அப்பாகூடக் கேட்கவில்லை. இன்னொரு தடவை என்னால் அப்படிப் போய் நிற்க முடியாது."

மணி ஆறு ஐம்பது. ஒன்றும் புரியாமல் பூரிக் கரண்டியோடு நின்ற முருகேசன் என் தோளைத் தட்டினார்.

"என்னண்ணே சொல்றாப்ள? நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

நான் சொன்னேன். நாலு வாரம், தங்க இடம் உண்டு, வேலைக்கு உறுதி இல்லை, இங்கே உள்ளதை விட்டுவிட்டுப் போகணும், பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

முருகேசன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ்வளவுதானா? இது விசிட் விசாண்ணே! இதுக்கா இப்படி உக்காந்திருக்காப்ள? நான் கொத்து வேலைக்கு வந்து, கேன்சலாகிப் போய், மறுபடி விசிட்ல வந்துதான் மாவு பெசஞ்சேன்." கரண்டியால் அடுப்பு விளிம்பில் ஓங்கித் தட்டினார். கடை முழுக்கத் திரும்பியது. "ஏய், இங்க பாருங்கப்பா! வேலை உண்டா இல்லையான்னு தெரியாம விசிட்ல வந்து எறங்குனவங்க எல்லாம் கையத் தூக்குங்க!"

முதலில் மூலையில் ஒரு கை எழுந்தது. பிறகு ஜன்னலோரம் இரண்டு. பூரியோடு ஒரு கை, ஹெல்மெட்டோடு ஒரு கை. வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் எதற்கென்று கேட்டுவிட்டுத் தூக்கினார்கள். ஒரு பெங்காலியும் தூக்கினார். அவருக்கு யார் மொழிபெயர்த்தார்களோ தெரியாது. கல்லாவில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த காக்கா இடது கையால் கொடுத்துக்கொண்டே வலது கையை உயர்த்தினார். முருகேசனின் கை கரண்டியோடு எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

முருகேசன் கேட்டதைக் காக்கா ஒரே வரியில் ஆங்கிலத்தில் சொன்னார்; லோர்கனுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கையாகப் பார்த்தான். காக்காவின் கை வரும்போது அவன் பார்வை அங்கேயே நின்றது. பிறகு, பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளைகள் தூக்குவார்களே, அந்த மாதிரி, அவனும் கையைத் தூக்கினான். விரலெல்லாம் பரோட்டா எண்ணெய். அதைத் துடைக்காமலே மறு கையால் போனை எடுத்தான். மணி ஆறு ஐம்பத்தேழு.